பழைய ஜூனோவும் கடற்கரைக் காற்றும்: வாங்கமுன்னம் எனக்கு யாரும் சொல்லாதவை

மட்டக்களப்பில் ஒரு பழைய சிந்தசைசரை (மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் கட்டை வாத்தியத்தை) வாங்கி, அது பேசாமல் போய், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் தனியே அலைந்து முடித்த பிறகு இதை எழுதுகிறேன். வாங்கியது ரோலண்ட் ஜூனோ-106. 1984இல் வந்தது. 61 கட்டை, ஒரே நேரத்தில் 6 சுரம், நினைவில் 128 ஒலிகள். யப்பானிலிருந்து பழைய சாமான் இறக்கும் ஒரு வியாபாரிக்கு 280,000 ரூபாய் கொடுத்தேன். அது ஒழுங்காகப் பேசத் தொடங்கும்போது இன்னும் 150,000 ரூபாய் அளவில் கரைந்திருந்தது. வைகாசிச் சடங்குக் காலத்தில் வீட்டுக்கு வந்த சாமான், அடுத்த பங்குனி வெயிலில்தான் முழுக்கப் பேசியது. இடையில் பட்ட கோபத்தையும் கவலையையும் காசில் சொல்ல ஏலாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தச் செலவில் பாதியாவது மிஞ்சியிருக்கும். அதனால் அறிந்ததை ஒன்றும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

முதல் விசயம் கறண்ட். யப்பானுக்குள் விற்கப்பட்ட சாமான் என்றால் பின்பக்கம் வயர் வரும் இடத்துக்குப் பக்கத்தில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். எங்கள் சுவரில் வருவது 230. வியாபாரி தந்த பிளக் மாற்றி ஊசியின் வடிவத்தை மட்டுந்தான் மாற்றும், வோல்ட்டைத் தொடாது. அதை நம்பிச் செருகினால் அதிர்ஷ்டம் இருந்தால் ஃபியூஸ் போகும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்போமர் எரியும். கடைகளில் சுலபமாகக் கிடைக்கும், வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர் பெரும்பாலும் 110 வோல்ட் தருவது. 100 வோல்ட் சாமானுக்கு அது பத்து வீதம் கூட. உடனே ஒன்றும் ஆகாது, ஆனால் உள்ளே வோல்ட்டை நிலையாக வைத்திருக்கும் ரெகுலேட்டர்கள் அந்த மிச்ச வோல்ட் முழுவதையும் சூடாக மாற்றித் தள்ளவேண்டும். ஏற்கெனவே 32 பாகை வெயிலில் இருக்கும் அறையில் அந்தச் சூடுதான் பக்கத்தில் கறண்டைச் சேமித்துச் சீராக்கும் கப்பாசிட்டர்களைக் கொல்லும். எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டரின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் ஏறத்தாழப் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த கணக்கு.

ஆகவே 230க்கு 100 என்று சொல்லி ட்ரான்ஸ்போமர் சுற்றித் தருபவரிடம் சுற்றுவியுங்கள். ஜூனோவுக்கு 100 விஏ (வோல்ட் அம்பியர்) வலு தாராளம். இரண்டு சுற்றும் தனித்தனியாக இருக்கவேண்டும் என்று கட்டாயம் சொல்லுங்கள். ஒரே சுற்றில் நடுவில் வயர் எடுக்கும் மலிவு வகையில், அந்தப் பொதுச் சுற்று எங்காவது அறுந்தால் முழு 230உம் அப்படியே சாமானுக்குள் இறங்கும். எனக்கு 10,000 ரூபாய்க்குக் கிட்ட முடிந்தது, இந்தக் கதையில் வயிறு எரியாமல் கொடுத்த ஒரே காசு அதுதான். பயணிகளுக்கென்று கைக்கு அடக்கமாக விற்கும் பாரமில்லாத கன்வேர்ட்டர்களை இதில் பாவிக்கவே வேண்டாம். அவை அலையை வெட்டித் தருபவை, தலைமயிர் காயவைக்கும் சாமானுக்குச் சரிவரும், சிந்தசைசருக்குச் சரிவராது.

கறண்ட் ஒழுங்கானாலும் உடனே சுவிச்சைப் போடாதீர்கள். திறந்து பாருங்கள். ஜூனோவின் பக்கத்து ஆணிகளைக் கழற்றினால் மேல் தட்டு பின்பக்கமாகத் திறக்கும், ரிப்பன் வயர்களை இழுத்துவிடாமல் மெதுவாகத் திறக்கவேண்டும். யப்பானில் நாற்பது வருசம் நன்றாக இருந்திருக்கலாம். இங்கே வந்து யாரோ ஒருவரின் தகரக் கொட்டிலில் ஒரு மாரி கழித்திருந்தால் போதும். என்னுடையதில் ட்ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் பல்லி முட்டையின் இரண்டு வெள்ளைக் கோதுகள் ஒட்டியிருந்தன. அதற்கு நேர் கீழே சர்க்கிட் போர்ட்டில் பல்லி எச்சம் விழுந்த இடத்தில் செம்புத் தடம் பச்சைக் களிம்பு பிடித்து, நகத்தால் தொட்டதும் பொடியாக வந்தது. பல்லி எச்சம் செம்பை அரிக்கும். அதைக் காய்ந்த தூசு என்று ஊதிவிட்டு மூடினால் அரிப்பு உள்ளே தொடர்ந்து நடக்கும். எறும்புப் புற்று மண்ணும் அப்படித்தான், ஈரம் பட்டால் கறண்ட் கசியும்.

அடுத்தது உப்பு. கல்லடி, நாவலடி, காத்தான்குடிப் பக்கம் கடற்கரையை ஒட்டிய வீடுகளில் யன்னல் கம்பி எத்தனை வருசம் தாங்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே உப்பு போர்ட்டிலும் படியும். உப்பு தனியே இருந்தால் கெடுதி குறைவு. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சி, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய ஈரப் படலமாகும்போது ஊசிக்கு ஊசி கறண்ட் கசியத் தொடங்கும். பகலில் ஒழுங்காகப் பேசிவிட்டு இரவு மழைக்குச் சுருதி அலைவதும், கரகரப்பதும் பல நேரம் இதனால்தான். இதை ஐசோப்ரோப்பைல் அல்ககோலால் துடைத்தால் போகும் என்று எல்லாரும் சொல்வார்கள். பிசுபிசுப்பும் சோல்டர் மெழுகும் போகும், உப்பு அதில் கரையாது, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நகரும், அவ்வளவுதான். உப்பைக் கரைப்பது தண்ணீர். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஆகாது, எங்கள் மணல் கிணறுகளில் தண்ணீரிலேயே உப்பு இருக்கிறது. பெற்றோல் ஷெட்டில் கார் பற்றரிக்கு ஊற்ற விற்கும் டிஸ்டில்ட் வோட்டர் வாங்குங்கள். அசிட் கலந்த போத்தலும் அதே இராக்கையில் இருக்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள். மெல்லிய பிரஷ்ஷால் அந்தத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுத்து, பிறகு 99 வீத அல்ககோலைப் பூசினால் மிச்சத் தண்ணீரை அது இழுத்துக்கொண்டு ஆவியாகும். ஃபேனுக்குக் கீழே ஒரு முழு நாள் வையுங்கள், வெயிலில் வேண்டாம். ட்ரான்ஸ்போமர், ஸ்லைடர், சுவிச் மூன்றிலும் தண்ணீர் படக்கூடாது.

இதற்குப் பிறகுதான் சுவிச். போட்ட உடனே வாசிக்க ஆசை வரும், முதலில் வோல்ட் பார்க்கும் மீற்றரை எடுங்கள். ஜூனோ-106இல் பவர் சப்ளை தருவது மூன்று: +15, -15, +5 வோல்ட். இவை சரியில்லாவிட்டால் மற்ற எந்தக் குறையைத் தேடினாலும் வீண். மீற்றரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி அதே இடங்களில் வைத்தால் சில மில்லிவோல்ட்டுக்குள் நிற்கவேண்டும். ஐம்பது அறுபது என்று காட்டினால் பெரிய வடிகட்டிக் கப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன, ஸ்பீக்கரில் ம்ம்ம் என்று ஒரு இரைச்சலும் சேர்ந்து வரும். மாற்றும்போது அதே மைக்ரோஃபரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 பாகை வகை. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினால் உறையின் அச்சையும் பாரத்தையும் பாருங்கள், பெரிய கோதுக்குள் சின்னக் கப்பாசிட்டர் வைத்த போலிகள் உலகம் முழுக்கச் சுற்றுகின்றன. பவர் சப்ளையில் உள்ளவற்றை மாற்றினால் போதும் என்பது என் முடிவு. போர்ட் முழுக்க இருக்கும் சின்னக் கப்பாசிட்டர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு. ஒவ்வொரு சோல்டரும் ஒரு பழைய செம்புத் தடத்தைக் கிளப்பும் ஆபத்து என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

இவ்வளவும் முடித்து வாசித்தபோது சந்தோசம். ஒலியைத் தடிப்பாக்கும் அந்த கோரஸ் பொத்தானைப் போட்டு இரண்டு கையாலும் ஒரு சுரக் கூட்டைப் பிடித்தால் அறை நிறையும், அதற்காகத்தான் இவ்வளவு காசும். கச்சான் காற்று தொடங்கி அறை சூடேறிய கிழமைகளில் ஒன்று நடந்தது. வாசிக்கும்போது இடைக்கிடை ஒரு சுரம் காணாமல் போனது. பிறகு கட்டையை விட்ட பிறகும் ஒரு சுரம் கரகரவென்று இழுத்துக்கொண்டே இருந்தது. இரவில் ஹெட்ஃபோனில் அதைக் கேட்டுக்கொண்டு இருந்தபோது வந்த மனவருத்தம் இன்னும் மறக்கவில்லை. விற்றவருக்கு அழைத்தால், கொடுக்கும்போது நன்றாகத்தானே இருந்தது என்ற பதில்.

குறை எங்கே என்று பிரிக்க ஒரு சுலபமான விதி உண்டு. எப்போதும் அதே ஒரு கட்டை பேசாவிட்டால், குறை அந்தக் கட்டைக்குக் கீழே உள்ள தொடுகையில். சுத்தம் செய்தால் போதும், பெரிய செலவில்லை. கட்டை மாறி மாறி, சுற்றுக்கு ஒரு தடவை ஒரு சுரம் விழுந்தால், சுரத்தை உண்டாக்கும் ஆறு பகுதிகளில், அதாவது ஆறு வொய்ஸில், ஒன்று செத்துவிட்டது. ஜூனோ ஆறு வொய்ஸையும் வரிசையாகச் சுழற்றிக் கொடுப்பதால் அப்படி வரும். எது என்று பார்க்க, கீ ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பவர் சுவிச்சைப் போடுங்கள். சோதனை நிலைக்குப் போகும். இப்போது எந்தக் கட்டையை அழுத்தினாலும் எந்த வொய்ஸ் பேசுகிறது என்று டிஸ்பிளேயில் 1 முதல் 6 வரை இலக்கம் வரும். பேசாததையும் கரகரப்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். குளிராக இருக்கும்போது ஒரு தடவை, ஒரு மணித்தியாலம் சூடேறிய பிறகு ஒரு தடவை. வாங்கமுன்னம் விற்பவரிடம் கேட்கவேண்டியதும் இதே சோதனையின் வீடியோதான், இரண்டு தடவையும். பாட்டு வாசித்துக் காட்டும் வீடியோவில் ஆறில் ஒன்று செத்திருப்பது சுலபத்தில் காதில் விழாது.

ஜூனோ-106இன் நோய் உலகறிந்தது. ஒவ்வொரு வொய்ஸுக்கும் 80017ஏ என்ற ஒரு சிப், மொத்தம் ஆறு. ஒலியின் கூர்மையை வடிகட்டும் ஃபில்டரும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதியும் அதற்குள்தான். வெள்ளைப் பீங்கான் தகடு ஒன்றில் மிகச் சின்னப் பாகங்களை ஒட்டி, மேலே கறுப்புப் பிசின் பூசிச் செய்தது. அந்தப் பூச்சு காலம் போகப் போகக் கெட்டு, கறண்ட் கசிய இடம் கொடுக்கிறது. அதனால் சுரம் விழுவது, கரகரப்பது, விட்ட பிறகும் இழுப்பது எல்லாம். இதோடு அலைவடிவத்தை உண்டாக்கும் எம்சி5534ஏ என்ற சிப் மூன்று உண்டு, ஒவ்வொன்றும் இரண்டு வொய்ஸைப் பார்க்கும். இரண்டு வொய்ஸில் ஒரே நேரம் ஒரே அலைவடிவம் காணாமல் போனால் சந்தேகம் அதன்மேல். தனி ஒரு வொய்ஸ் என்றால் அநேகமாக 80017ஏ. கோரஸைப் போட்டதும் வரும் ஸ்ஸ் என்ற சத்தம் அதன் பிறவிக் குணம், அதைத் திருத்தப் போய்க் காசை விடாதீர்கள்.

இது தெரியாத கட்டத்தில், வேறொரு ஊரில் எலெக்ட்ரோனிக்ஸ் திருத்தும் ஒரு கடைக்குச் சாமான் போனது. மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. கேட்கும்போதெல்லாம் பார்ட்ஸ் வருகிறது என்றார்கள். 25,000 ரூபாய் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தபோது வொய்ஸ் குறை அப்படியே இருந்தது, ஸ்லைடர்கள் எல்லாம் எண்ணெயில் குளித்திருந்தன. துருக் கழற்ற அடிக்கும் ஸ்பிரேயை ஒவ்வொரு துவாரத்திலும் அடித்திருக்கிறார்கள். அது ஸ்லைடருக்குள் இருக்கும் கெட்டிக் கிரீஸைக் கரைத்துவிடும். இரண்டு கிழமை வழுக்கிக்கொண்டு போகும், பிறகு தூசு ஒட்டி மண் அரைப்பதுபோல ஆகும். ஸ்லைடருக்கு அடிக்கவேண்டியது எண்ணெய் மிச்சம் வைக்காத கொன்டாக்ட் கிளீனர், அதுவும் ஒரு சின்ன அடி, முழுத் தூரமும் இருபது முப்பது தடவை ஏற்றி இறக்கி, காயவிட்டு, பிறகு ஸ்லைடருக்கென்றே விற்கும் மசகு ஒரு சொட்டு. கொடுக்கமுன்னம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மொடலின் சேர்விஸ் மனுவல் உங்களிடம் இருக்கிறதா? இல்லை என்று சொன்னால் சாமானைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வாயே திறக்காமல் ஆணியைக் கழற்றத் தொடங்கினாலும் அப்படித்தான்.

வழி காட்டியவர் புளியந்தீவுப் பக்கம் பழைய வால்வ் ரேடியோக்கள் திருத்திய வயது போன ஒருவர். சிந்தசைசரை அவர் முன்னம் தொட்டதில்லை. சிப்பின் கறுப்புப் பூச்சைப் பார்த்துவிட்டு, "இஞ்ச பார் மனே, உள்ளுக்குள்ள சாமான் சாகல்ல, மேல பூசினதுதான் கறண்டத் தின்னுது. அதக் கழட்டிப் போட்டுப் பாரன்" என்றார். அசிட்டோனில் ஊறவைத்துப் பூச்சைக் கழற்றும் அந்த முறை உலகம் முழுக்கச் செய்யப்படுவது, செலவும் மிகக் குறைவு. அசிட்டோன் எங்கே கிடைக்கும் என்பதுதான் கேள்வி. நகப்பூச்சு அழிக்கும் போத்தலில் தண்ணீரும் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம். பைபர் படகு கட்டும், ஒட்டும் இடங்களில் ரெசின் பட்ட பிரஷ்ஷைக் கழுவ அசிட்டோன் வைத்திருப்பார்கள். கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு அது ஒரு வசதி. தின்னரை அசிட்டோன் என்று ஊற்றித் தருவதும் உண்டு, அதனால் மூடிய மூலப் போத்தலைப் பார்த்து வாங்குங்கள்.

சிப்பைப் போர்ட்டோடு ஊறவைக்க ஏலாது, கழற்றவேண்டும். இதுதான் முழு வேலையிலும் கை நடுங்கும் இடம். சோல்டரிங் அயனின் சூட்டை 320 முதல் 350 பாகைக்குள் வைத்து, ஒவ்வொரு காலிலும் முதலில் புது ஈயம் கொஞ்சம் சேர்த்து உருக்கி, பிறகு ஈயம் உறிஞ்சும் கருவியால் (சக்கர்) உறிஞ்சுங்கள். பழைய ஈயத்தை மட்டும் உருக்கப் பார்த்தால் நேரம் கூடும், செம்புத் தடம் எழும்பும். 60/40 ஈயக் கம்பியே நல்லது. எல்லாக் காலும் சும்மா ஆடுகிறது என்று தெரிந்த பிறகுதான் சிப்பை இழுக்கவேண்டும். ஒரு கால் பிடித்திருக்கும்போது இழுத்தால் பீங்கான் தகட்டில் அந்தக் காலின் ஒட்டு விடும், அந்தச் சிப் முடிந்தது. கழற்றியதன் மேல் எந்த இலக்க வொய்ஸ், எந்தப் பக்கம் என்று குறித்துப் படமும் எடுங்கள்.

உலோக மூடியுள்ள கண்ணாடிப் போத்தலில் போட்டு, மூழ்க அசிட்டோன் ஊற்றி, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். அசிட்டோன் 56 பாகையில் கொதிக்கும், ஆவி தீப்பிடிக்கும். குசினியும் சாமி விளக்கும் இருக்கும் பக்கம் கூடாது. ஒரு நாளில் பூச்சு இளகத் தொடங்கும், இரண்டு மூன்று நாளில் தோலாக எழும்பும். மரக் குச்சியால் மட்டும் தட்டி எடுங்கள், கத்தி வேண்டாம், அந்தச் சின்னப் பாகங்கள் கடுகை விடச் சின்னவை. மிச்சம் இருந்தால் புது அசிட்டோனில் திரும்ப ஊறவையுங்கள். கழுவி, ஒரு நாள் காயவிட்டுப் பூட்டலாம். திரும்பச் சோல்டர் பண்ணும்போது நேராகப் போர்ட்டில் ஒட்டாமல், ஒரு வரிசைத் துளையுள்ள சொக்கெட் போட்டு அதில் சிப்பைச் செருகுங்கள். அடுத்த தடவை கழற்ற அயனே தேவையில்லை. அசிட்டோன் ஒரு சொட்டும் மேல் தட்டிலோ கட்டைகளிலோ படவிடாதீர்கள், பிளாஸ்டிக் உருகும்.

ஆறில் நாலு உடனே உயிர் பெற்றன. அன்று இரவு வீட்டில் எல்லாரும் கேட்கச் சத்தமாக வாசித்தேன். ஆனால் ஐப்பசி மழை தொடங்கியதும் அந்த நாலில் ஒன்று திரும்பக் கரகரத்தது. பூச்சு போன சிப்பின் பாகங்கள் இப்போது காற்றுக்குத் திறந்தே இருக்கின்றன, எங்கள் ஈரமும் உப்பும் நேராகப் படும். இதை எந்த வெளிநாட்டுக் குறிப்பும் அழுத்திச் சொல்வதில்லை, அவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருப்பவர் அசிட்டோன் முறையை நிரந்தர வைத்தியமாக எடுக்கக்கூடாது. கையில் காசு சேரும்வரை சாமானைப் பேசவைக்க, எந்தச் சிப்பில் குறை என்று உறுதிப்படுத்த, அது நல்ல வழி.

நிரந்தர வழி புதிதாகச் செய்யும் மாற்றுச் சிப்கள். வெளிநாடுகளில் சிறிய உற்பத்தியாளர்கள் இதே அளவில், இதே கால் வரிசையில் செய்கிறார்கள். ஆறும் தபால் செலவும் சுங்கத் தீர்வையும் சேர்ந்து எனக்கு 95,000 ரூபாய்க்குக் கிட்ட வந்தது. மிச்சக் காசு திருத்தும் கருவிகளுக்கும் கப்பாசிட்டர்களுக்கும் போனது. செத்ததை மட்டும் மாற்றலாமா என்று கேட்பீர்கள். ஒன்று போனால் மற்றவையும் அதே வயது, அதே பூச்சு. ஒவ்வொரு தடவையும் சாமானைத் திறந்து, வயர்களைக் கழற்றி, போர்ட்டைச் சூடாக்குவதில் வரும் ஆபத்தையும் தனித்தனித் தபால் செலவையும் சேர்த்துப் பார்த்தால், ஆறையும் ஒரே முறையில் மாற்றுவதுதான் மலிவு.

மாற்றிய பிறகு சரிபார்ப்பு இல்லாமல் மூடக்கூடாது. ஒவ்வொரு வொய்ஸுக்கும் திருகிச் சரிசெய்யும் தனித்தனிச் சின்ன ட்ரிம்மர்கள் இருக்கின்றன, எது எதற்கு என்று சேர்விஸ் மனுவலில் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. அரை மணித்தியாலம் சூடேறிய பிறகு தொடங்குங்கள். ஸ்கோப் (அலையைத் திரையில் காட்டும் கருவி) இல்லாதவர்கள் ரெசனன்ஸ் ஸ்லைடரை முழுக்க ஏற்றினால் ஃபில்டர் தானே விசில் அடிக்கும், அந்தச் சுருதியை ஃபோனில் இருக்கும் ட்யூனரில் பார்த்து ஆறு வொய்ஸும் ஒரே சுருதிக்கு வருமாறு திருகலாம். காதுக்கு இது போதுமான அளவுக்கு வரும். திருகமுன்னம் ஒவ்வொரு ட்ரிம்மரும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று படம் எடுத்து வையுங்கள்.

நினைவு பற்றரி இன்னொரு செலவு, காசால் அல்ல, ஒலிகளால். ஜூனோ-106இல் இருப்பது சிஆர் 2032, காலோடு சோல்டர் பண்ணியது. மூன்று வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும், 2.7க்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள். கழற்றினால் 128 ஒலியும் போகும். கறண்ட் போட்டபடி பற்றரியை மாற்றினால் நினைவு போகாது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்கவேண்டாம், அயன் வழுக்கினால் போவது ஒலிகள் மட்டுமாக இராது. கழற்றமுன்னம் டேப் சேவ் துவாரத்திலிருந்து கணினிக்கு ஒலிப்பதிவு செய்யுங்கள். இந்தச் சாமான் தன் ஒலிகளைக் கீச்சென்ற சத்தமாக மாற்றிக் கசெட்டில் பதியும் காலத்தது, கணினிக்கு அது ஒரு சாதாரண ஒலிப்பதிவு. வேவ் கோப்பாகவே வையுங்கள், சுருக்கிய கோப்பு சரிவராது. வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பித் திரும்ப வாங்கியதும் சரிவராது. திரும்ப ஏற்றும்போது பின்பக்கம் உள்ள மெமரி புரொட்டெக்ட் சுவிச்சை ஓஃப் பண்ணி, லோட் துவாரத்துக்குக் கொடுத்து, சத்தத்தை முக்கால்வாசியில் தொடங்கிப் பாருங்கள். பிழை காட்டினால் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்க்கவேண்டும், ஃபோனிலிருந்து கொடுத்தால் அதன் ஈக்குவலைசர் ஓஃபில் இருக்கவேண்டும். புதுப் பற்றரிக்கு ஒரு ஹோல்டர் பூட்டிவிட்டால் அடுத்த முறை சோல்டர் இல்லை.

மாரியில் பொலித்தீனால் மூடாதீர்கள். உள்ளே பிடித்த ஈரம் வெளியே போகாமல் இரவில் வேர்க்கும். பருத்தித் துணி, அதன் கீழே இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பை. நிறம் மாறினால் ஓவனில் 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் வைத்துத் திரும்பப் பாவிக்கலாம். கிழமைக்கு ஒரு தடவையாவது ஒரு மணித்தியாலம் போட்டு வாசியுங்கள், உள்ளே வரும் மெல்லிய சூடே ஈரத்தை விரட்டும், கப்பாசிட்டர்களுக்கும் நல்லது. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்கும்போது சுவரிலிருந்து பிளக்கைக் கழற்றுவதோடு ஒலி மிக்சருக்குப் போகும் வயரையும் கழற்றவேண்டும், மின்னல் அந்த வழியாலும் வரும்.

வேறு மொடல் தேடுபவர்களுக்கு. 1983இன் யமஹா டிஎக்ஸ்7 எங்கள் காலநிலைக்கு ஜூனோவை விடத் தாங்கும், கெடக்கூடிய ஃபில்டர் சிப் அதில் இல்லை. ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14ஐ அழுத்தினால் பற்றரி வோல்ட்டை அதுவே காட்டும். அதன் 32 ஒலிகளும் மிடி (வாத்தியங்களையும் கணினியையும் இணைக்கும் முறை) வழியாக 4104 பைட் அளவுள்ள ஒரே செய்தியாக வரும். அதைவிடக் குறைந்த பைட் வந்தால் கோப்பு கெட்டது. பேர் இல்லாத மலிவு யுஎஸ்பி மிடி வயர்கள் இந்த நீளமான செய்தியை நடுவில் விழுங்கும், குறையைச் சிந்தசைசரில் தேடாமல் வயரை மாற்றிப் பாருங்கள். 1988இன் கோர்க் எம்1இல் போவது பொத்தான்கள், ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை எடுக்கும் அல்லது எடுக்காது. புதுப் பொத்தான் ஒவ்வொன்றும் சில ரூபாய்தான், பொறுமை இருந்தால் ஒரு சனிக்கிழமை வேலை. டிஸ்பிளே மங்கலாக இருப்பதற்காக மட்டும் விட்டுவிடவேண்டாம், புது டிஸ்பிளே வாங்கிப் பூட்டலாம்.

1981இன் கோர்க் பொலிசிக்ஸை உள்ளே பார்க்காமல் வாங்கவே கூடாது. கேஎல்எம்-367 என்ற போர்ட்டில் ஒரு நிக்கல் கட்மியம் பற்றரி இருக்கிறது. அது ஒழுகினால் அந்தக் காரம் பக்கத்துத் தடங்களையும் சிப் கால்களையும் தின்றுவிடும். பற்றரியை வெட்டி எடுத்து, வெள்ளை வினாகிரியை பிரஷ்ஷால் பூசினால் காரம் நுரைத்து அடங்கும், பிறகு டிஸ்டில்ட் வோட்டர், பிறகு அல்ககோல். கறுத்த தடங்களைச் சுரண்டி மெல்லிய வயரால் இணைக்கவேண்டி வரும். அந்த மூலை பச்சையாக இருந்தால் விலையில் பாதியைக் குறைத்துக் கேளுங்கள்.

ரோலண்ட் ஜேடி-800, டி-70, எக்ஸ்பி-80 மூன்றிலும் கட்டைகளுக்குக் கீழே பாரம் ஒட்டிய சிவப்புப் பசை சூட்டிலும் காலத்திலும் இளகி ஒழுகும். டோர்ச் அடித்துக் கட்டைகளின் இடுக்கில் பாருங்கள், சிவப்பாக எதுவும் தெரிந்தால் 61 அல்லது 76 கட்டையையும் ஒவ்வொன்றாகக் கழற்றவேண்டிய வேலை காத்திருக்கிறது. கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவலாம், றப்பர் கையுறையும் கண்ணாடியும் போட்டு, பிளாஸ்டிக் வாளியில். அலுமினியச் சட்டியில் ஊற்றினால் ஐதரசன் கிளம்பும். சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடவேண்டும், சோடாவின் மேல் தண்ணீர் ஊற்றக்கூடாது. பாரங்களை இரண்டு போத்தல் கலக்கும் எபொக்சியால் திரும்ப ஒட்டி, ஒரு முழு நாள் இறுகவிட்ட பிறகே கட்டைகளைப் பூட்டுங்கள்.